ச்சீ சொல்லக் கூடாத தோப்பு

ஜனவரி 20, திங்கள்

நகைக்கடைக்காரர்கள் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. புது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எழுதுவோம் என்று எடுத்தேன்.

காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் வேலை. வடவள்ளிக்கு மேற்கே, மலை நன்றாகத் தெரிகிற ஒரு மாந்தோப்பு. வாசலில் மரப்பலகையில் 'மண்குருவி, இயற்கைவழிக் குழந்தைகள் காப்பகம்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே போனால் கட்டடமே இல்லை. ஒரு ஓலைக் கொட்டகை, ஒரு சேற்றுக் குழி, இரண்டு ஆடுகள், பதினான்கு குழந்தைகள். மூன்றிலிருந்து ஐந்து வயது.

பத்தொன்பது வருஷம் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தவள் நான். என் வகுப்பறைத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படிப் பினாயில் மணக்கும். அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். இங்கே முதல் வேலையாகக் குழாயைத் திறந்து குழிக்குள் தண்ணீர் விடச் சொன்னார்கள். விட்டேன். பதினான்கும் உள்ளே இறங்கி உருண்டன. காதுக்குள் சேறு, வாய்க்குள் சேறு. நான் என்னையறியாமல் "ச்சீ" என்றேன்.

மாளவிகா மேடம் என்னைத் தனியாக அழைத்துப்போனார். இந்த இடத்தை ஆரம்பித்தவர், சென்னைக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், செருப்புப் போடுவதில்லை. குழந்தை பிறக்கும்போது அருவருப்போடு பிறப்பதில்லை, பெரியவர்கள்தான் அதைக் கற்றுக்கொடுக்கிறோம், அதனால் இந்தத் தோப்புக்குள் யாரும் 'ச்சீ' சொல்லக் கூடாது என்றார். அந்தச் சொல் மட்டுமில்லை, முகத்தைச் சுளிப்பதும் கூடாதாம்.

இன்னொன்று. இங்கே மிஸ் கிடையாது, ஆயா கிடையாது, எல்லோரையும் குழந்தைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். நாற்பத்தொன்பது வயதில் என்னை ஒரு மூன்று வயது வாண்டு "தெய்வானை, கால் கழுவி விடு" என்றது. என் மாமியார்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன். நகக்கண்ணில் இன்னும் செம்மண் இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

சோப்பு கிடையாது. பூந்திக்கொட்டை ஊறின தண்ணீரில்தான் கை கழுவ வேண்டும். அது பார்ப்பதற்கே கழுநீர் மாதிரி இருக்கிறது. கைப்பையில் ஒரு லைஃப்பாய்க் கட்டி ஒளித்து வைத்திருக்கிறேன்.

கக்கூஸைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற கக்கூஸ் இல்லை. போன பிறகு மேலே ஒரு கரண்டி மரத்தூள் போட வேண்டும். அந்த மரத்தூளைப் போடுவது குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு. கூட்டம் சேர்ந்துகொண்டு எட்டிப் பார்க்கின்றன. நான் மதியம் வீட்டுக்கு வந்து தயிர்ச்சோற்றைப் பிசைந்தேன், அப்படியே வைத்துவிட்டேன்.

வேழன் என்று ஒரு பையன். நாலு வயது. அவனுக்கு மூக்கு ஒழுகாத நேரம் கிடையாது. இரண்டு கோடு இறங்கி மேலுதட்டில் தேங்கி நிற்கும், அவன் நாக்கால் நக்கிக்கொள்வான். இத்தனை பேர் இருக்க, அவன் என்னைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். எங்கே போனாலும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னாலேயே வருகிறான். அந்தத் தலைப்பில்தான் மூக்கையும் துடைக்கிறான். அவன் அம்மா மதுவந்தி ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அப்பா வெளிநாட்டில். காரில் வந்து இறக்கிவிடும்போது பையன் பளபளவென்றுதான் இருக்கிறான். பத்து நிமிஷம் கழித்துப் பார்க்க முடியாது.

ஜனவரி 24, வெள்ளி

வேழன் ஆட்டுப் புழுக்கையை வாயில் போட்டுவிட்டான். "ச்சீ, துப்புடா" என்று கத்திவிட்டேன். அவன் துப்பினான். துப்பியதோடு விடாமல் அழுதுகொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அந்த எச்சில், அந்தச் சளி, அந்தப் புழுக்கை வாசனை எல்லாம் என் கழுத்தில்.

மாளவிகா மேடம் சத்தம் போடவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. "அக்கா, எடுத்துடுங்க. விரலை விட்டு எடுத்துடுங்க. ஆனா முகம் மட்டும் மாறக்கூடாது" என்றார். மறுபடி ஒரு தடவை நடந்தால் தனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம் என்றார். எனக்குப் புரிந்தது. முகம் மாறாமல் அந்த வாய்க்குள் விரலை விடுவதற்கு நான் என்ன கல்லா?

ஜனவரி 27, திங்கள்

இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது. பத்து மணிக்கு இங்கே 'அமைதி நேரம்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மரம். அந்த மரத்தடியில் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். எதிரே நாங்களும் பேசாமல் உட்கார்ந்து, குழந்தை என்ன செய்கிறது என்று கவனிப்பு நோட்டில் எழுத வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் எழுந்து போகலாம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று வேழனின் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எழுதியதை மாளவிகா மேடம் போட்டோ எடுத்துப் பெற்றோருக்கு அனுப்புவார்.

நான் பார்த்தது அவன் பத்து நிமிஷமும் மூக்கை நோண்டி மரத்தில் தேய்த்ததை. அதை எப்படி எழுதுவது? "வேழன் வேப்பமரத்தின் பட்டையை விரலால் தடவிப் பார்த்தான்" என்று எழுதினேன். மதுவந்தி உடனே மூன்று இதயம் அனுப்பினாராம்.

ஜனவரி 29, புதன்

இப்போது எனக்கு சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. எறும்பு, இலை, வெளிச்சம், காற்று. இந்த நாலில் ஒன்று இருந்தால் போதும். "எறும்புகளின் வழியை அவன் மறிக்கவில்லை" என்று இன்று எழுதியதை மாளவிகா மேடம் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். உண்மையில் அந்த எறும்புகளை அவன் நசுக்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் நான் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை. பார்த்தால் குமட்டுகிறது. மலையைப் பார்த்துக்கொண்டே எழுதிவிடுகிறேன், அது இன்னும் அழகாக வருகிறது.

ஜனவரி 31, வெள்ளி

யாரோ ஒரு பெற்றோர் கோத்து விளையாடட்டும் என்று பிளாஸ்டிக் பாசிமணி வாங்கி அனுப்பிவிட்டார். மாளவிகா மேடம் அந்தப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. 'ச்சீ' என்றுதான் சொல்லவில்லை. மண்ணில் விளைந்த மணி எதுவும் கிடைக்காதா என்று கேட்டார். எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் காலி இடத்து வேலியில் குன்றிமணிக் கொடி படர்ந்து கிடக்கிறது, காய் வெடித்துச் சிவப்பும் கறுப்புமாகத் தொங்குகிறது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கொண்டுவரச் சொன்னார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு சொம்பு நிறையப் பறித்து வந்தேன். அப்படியே குத்தினால் ஊசி இறங்காது, கல் மாதிரி இருக்கும். வெந்நீரில் ஊறப்போட்டு, மெத்தென்றான பிறகு கோணி ஊசியால் ஒவ்வொன்றாகத் துளை போட்டேன். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இத எதுக்குப் புள்ள நோண்டற? ஆட்டுக்குட்டி தின்னாச் செத்துப்போகும்னு எங்கம்மா வேலியில வெக்கவே விடாது" என்றார். ஆடு தின்பதற்காகவா கோக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மாளவிகா மேடம் மணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னோடு போட்டோ எடுத்தார். "நாங்கெல்லாம் புக்ல படிச்சு வந்தவங்க. இங்க நிஜமான இயற்கை நம்ம தெய்வானைக்காதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷத்தில் பள்ளியில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

வாயில் போடக் கூடாது என்று மேடத்திடம் சொன்னேன். சொன்னதாகத்தான் ஞாபகம். போட்டோ எடுக்கிற கூச்சலில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் குழந்தைகள் ஆளுக்கொரு மாலை கோத்தன. வேழன் தன்னுடையதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அமைதி நேரத்துக்கு வந்தான்.

நோட்டில் எழுதியது: "வேழன் தன் மாலையோடு வேப்பமரத்தடியில் அமைதியாக இருந்தான். ஒரு இலை விழுவதைக் கடைசிவரை பார்த்தான்."

வேறு விசேஷம் இல்லை. தோப்பு முழுக்க அவ்வளவு அமைதி. யாரோ பொட்டுக்கடலை கடிக்கிறது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அணிலாக இருக்கும்.

மணி அடித்த பிறகு பார்த்தால் அவன் மாலை அறுந்து கிடந்தது. பொறுக்கிக் கொடுத்தேன். ஒன்றிரண்டு குறைந்த மாதிரி இருந்தது, மண்ணில் விழுந்திருக்கும். மோவாயில் எச்சில் வழிந்திருந்தது. வழக்கம்போல என் தலைப்பில் துடைக்க வந்தான், நான் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, புதன்

வேழன் வரவில்லை. ராத்திரியிலிருந்து வாந்தியாம். ஞாயிற்றுக்கிழமை ஏதோ பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தானாம். க்ரீம் கேக்காகத்தான் இருக்கும் என்றார் மாளவிகா மேடம். நானும் ஆமாம் என்றேன்.

தலைப்பை யாரும் பிடிக்காததால் வேலை சுலபமாக இருந்தது. சேலை சுத்தமாகவே வீட்டுக்கு வந்தது. இருந்தும் துவைத்தேன்.

கைவேலைப் பெட்டியிலிருந்த மற்ற பிள்ளைகளின் மாலைகளை எடுத்து வந்துவிட்டேன். மண் ஒட்டியிருந்தது, கழுவிக் கொடுக்கலாம் என்றுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரத்தமாகப் போகிறதாம். இங்கே என்ன சாப்பிட்டான், எதையாவது வாயில் போட்டானா என்று டாக்டர்கள் கேட்டார்களாம். மாளவிகா மேடம் என் நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். "உங்க நோட் இருந்ததால நாம தப்பிச்சோம்க்கா. நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதியிருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை எனக்கு உதறவேண்டும் போல இருந்தது. மதுவந்தியும் நன்றி சொல்லி எழுதியிருக்கிறாராம், பையன் கடைசியாக நன்றாக இருந்ததைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம்.

டாக்டர்கள் கேக் என்றே நினைத்து வைத்தியம் பார்க்கிறார்கள்.

மாலைகளைக் கழுவவில்லை. வெளியே குப்பையில் போட்டேன். குப்பையை நாய் கிளறுமே என்று திரும்பப் போய் எடுத்து வந்து, பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் கை கழுவிக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை, வீட்டுக்காரர் வந்து குழாயை மூடினார். என் விரல் நுனிகளெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. "என்ன புள்ள, அந்தப் பையனுக்கு எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பின்பக்கம் புதிதாய்த் தோண்டியிருந்த மண்ணைப் பார்த்தார். வண்டியை வெளியே எடுத்து, ஸ்டார்ட் செய்து, எனக்காக நின்றார்.

ஆஸ்பத்திரியில் மதுவந்தி அறைக்கு வெளியே நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, "அவன் உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தான்" என்றார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இத்தனை சுத்தமாக அவனை நான் பார்த்ததே இல்லை. மூக்கு ஒழுகவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றேன். நடுவயது டாக்டரம்மா வந்தார். என் கைப்பையில் ஒரு குன்றிமணி இருந்தது, புதைக்கும்போது ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது தெரியவில்லை. அதை அவர் கையில் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டு என்னவோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முழுசா முழுங்கினானா, மென்னானா? அது முக்கியம்."

"மென்னானுங்க. ரெண்டு."

"மென்னதுன்னு எப்படிச் சொல்றீங்க? நோட்ல அமைதியா இருந்தான்னுல்ல இருக்கு?"

"சத்தம் கேட்டுச்சுங்க. அமைதி நேரமுங்க அது, யாரும் பேச மாட்டாங்க. கடிக்கிற சத்தம் நல்லாக் கேட்டுச்சு. ஊறப்போட்டுத் தொளை போட்டதும் நானுங்க. இல்லீனா அவனால கடிச்சிருக்க முடியாது."

டாக்டரம்மா உள்ளே ஓடிவிட்டார். மதுவந்தி அங்கேயே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் மெதுவாக ஒன்றுதான் கேட்டார்: "மூணு நாள் ஆச்சே, ஏன் இப்ப சொல்றீங்க?"

பையனைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். நாங்கள் கீழே படிக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் டீ வாங்கி வந்தார். அந்த டீயில் ஏடு படிந்திருந்தது. குடித்தேன்.

பிப்ரவரி 8, சனி

மாற்றமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாற்றமில்லை. சிறுநீரகம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இதற்கென்று மாற்று மருந்து கிடையாதாம். விஷம் இன்னது என்று தெரிந்ததால் எதைப் பார்க்க வேண்டும் என்றாவது தெரிந்தது என்று டாக்டரம்மா சொன்னார். அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, திட்டினாரா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

தோப்புக்குப் போனேன். குழந்தைகள் யாரும் இல்லை. விஷயம் தெரிந்து பெற்றோர் அனுப்பவில்லை. மாளவிகா மேடம் கொட்டகையில் நோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேழனின் நோட்டு விரித்தபடி இருந்தது.

மணியின் குணம் தெரியாமல் குழந்தைகள் கையில் கொடுத்தது தன் தப்பு என்று அவரே சொன்னார். ஒரு தடவை யாரையாவது கேட்டிருக்கலாம், செடியைத் தொடச் சொன்னதோடு சரி, அதைப் பற்றித் தான் எதுவும் படிக்கவில்லை என்றார். அழுதிருந்தார். பிறகு நோட்டைத் தட்டி, இந்தப் பக்கங்களில் எது நிஜம் என்று கேட்டார்.

எதுவும் இல்லை என்றேன். எறும்பு, இலை, பட்டை எல்லாவற்றையும் சொன்னேன். மலையைப் பார்த்துக்கொண்டு எழுதியதையும் சொன்னேன். அன்றைக்கு எழுந்து போகாததற்குக் காரணம், மூன்றாம் தடவை 'ச்சீ' வந்துவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம்தான் என்றும் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த அழகான முகம் கோணியது.

"ச்சீ" என்றார்.

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் என்னை அரித்தது. அவரிடம் கடைசியாகச் சொன்ன அந்தக் காரணம் பொய். எனக்கு வேலை போகிற பயம் இல்லை. அந்த நேரத்தில் அந்த வாயைப் பார்த்தேன், எச்சிலும் சளியுமாக. அதற்குள் விரலை விட எனக்கு அருவருப்பாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் உயிரைவிட என் விரல் சுத்தம் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போது என் கையையே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வேழன் அரை இட்லி சாப்பிட்டானாம். அவர் பட்டறையிலிருந்து வரும்போது ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வந்து சொன்னார். சிறுநீரகம் பிழைத்துக்கொண்டது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூக்கு ஒழுகியது, துடைக்காமலே அழுதேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை இன்று அனுப்புகிறார்கள். நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. வரவேற்பு மேஜை வரைக்கும் போய், அவன் அம்மாவை மட்டும் கீழே வரச் சொன்னேன். போலீசில் சொல்வதானாலும் சொல்லட்டும் என்று இருந்தேன். மதுவந்தி வந்தார். தோப்பிலிருந்து வாங்கி வந்த அவன் நோட்டு கையில் இருந்தது.

"இதை நான் பத்துத் தடவை படிச்சேன். இலை விழறதப் பார்த்தான்னு படிச்சுப் படிச்சு அழுதேன். அன்னிக்கு அவன் என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியணும். உங்க கையாலயே எழுதிக் குடுங்க. அழகா எழுத வேண்டாம்."

அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். அடுத்த பக்கத்தில் நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார், நோட்டை மூடினார், லிஃப்டுக்குப் போனார். எழுதியது ஒரு வரிகூட எனக்கு மறக்கவில்லை. இங்கேயும் இருக்கட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய். அமைதி நேரம். எழுதுபவர்: தெய்வானை. வேழன் வேப்பமரத்தடியில் இருந்தான். மூக்கு ஒழுகியது. மாலையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். ஒரு குன்றிமணியை வாயில் போட்டு மென்றான். கசந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். துப்பு என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தான். நான் மலையைப் பார்த்தேன். அதன் பிறகுதான் இரண்டாவதை எடுத்தான்.